சென்மிங் ஹு: பின்ஃபெட்டுக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

கேள்வி கேட்டவர் மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு மாணவர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சென்மிங் ஹுவைப் பற்றித் தம் பாடநூலில் ‘பின்ஃபெட்டை உருவாக்கியவர்’ என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை என்கிறார். சொந்தமாகச் சில்லுத் தொழிற்சாலை இல்லாத ஒரு பேராசிரியரால் குறைகடத்தித் தொழிலின் போக்கையே மாற்ற முடிந்தது எப்படி, அது நல்ல நேரத்தில் தோன்றிய ஒரு யோசனை மட்டும்தானா என்பது அவருடைய ஐயம்.

டிரான்சிஸ்டர் மாதிரிகளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருபவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். பின்ஃபெட், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரைச் சிலிக்கானில் மீன் துடுப்புபோல் நிமிர்த்திச் செய்யும் வடிவம், திடீரென்று உதித்த யோசனை அன்று. டிரான்சிஸ்டர் எப்படி முதுமையடைகிறது, அதன் நடத்தையைச் சமன்பாடாக எப்படி எழுதுவது என்ற இரண்டு கேள்விகளோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒருவருக்கு, அது எங்கே கசிகிறது என்ற மூன்றாவது கேள்வி எழுந்தபோது விடை பாதிக்கு மேல் கையிலேயே இருந்தது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தேதான்: அவருடைய ஆகப்பெரிய பங்களிப்பு எது என்று என்னைக் கேட்டால் நான் பின்ஃபெட்டைச் சொல்லமாட்டேன். பிசிம் என்ற சமன்பாட்டுத் தொகுப்பைத்தான் சொல்வேன்.

வாழ்க்கைக் குறிப்பை விரைவாகவே கடந்துவிடலாம். 1947-இல் பெய்ஜிங்கில் பிறந்து, தைவானில் வளர்ந்து, 1968-இல் தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர் ஹு. பெர்க்லியில் 1970-இல் முதுகலைப் பட்டமும் 1973-இல் முனைவர் பட்டமும் முடித்தார். எம்ஐடியில் மூன்று ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு 1976-இல் பெர்க்லிக்கே ஆசிரியராகத் திரும்பினார். அது எண்ணெய் நெருக்கடியின் காலம் என்பதால் அவருடைய தொடக்க கால ஆர்வங்களில் சூரிய மின்கலமும் ஒன்று; ரிச்சர்ட் வைட்டுடன் சேர்ந்து 1983-இல் அதைப் பற்றி ஒரு பாடநூலே எழுதியிருக்கிறார். 1980-ஐ ஒட்டி நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் அழியா நினைவகச் சில்லுகளின் உருவாக்கப் பிரிவைக் கவனித்துக்கொண்டார். இந்தச் சிறு இடைவெளியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை, நான் பொருட்படுத்துகிறேன். கட்டுரை எழுதுவதற்காக ஒரு டிரான்சிஸ்டரை அளப்பது வேறு, பத்தாண்டுகள் பழுதில்லாமல் ஓட வேண்டிய பொருளை விற்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதை அளப்பது வேறு. அங்கிருந்து திரும்பியவர் எடுத்துக்கொண்ட சிக்கலில் இந்த இரண்டாவது பார்வை தெளிவாகத் தெரிகிறது.

1980-களில் டிரான்சிஸ்டர்கள் ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே போயின. ஆனால் அவற்றுக்குக் கொடுத்த மின்னழுத்தம் மட்டும் 5 வோல்ட்டிலேயே நின்றது. பலகையிலுள்ள மற்றச் சில்லுகள் எல்லாம் 5 வோல்ட்டை எதிர்பார்த்ததால் ஒருவர் மட்டும் தனியாக இறங்க முடியவில்லை. அதே அழுத்தம் குறுகிய தூரத்தில் விழுந்தால் மின்புலம் ஏறும். டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்கள் புறப்படும் முனை சோர்ஸ், சேரும் முனை டிரெய்ன், இரண்டுக்கும் இடையிலுள்ள தடத்தைத் திறந்து மூடுவது கேட். சோர்ஸிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், டிரெய்னை நெருங்கும் கடைசிச் சிறு தொலைவில் கன்னாபின்னாவென்று வேகமெடுக்கும். பெரும்பாலானவை வழியிலேயே மோதி ஆற்றலை இழந்துவிடும். மிகச் சில மட்டும் மோதாமல் தப்பி, கேட்டுக்கு அடியிலுள்ள ஆக்சைடு படலத்தின் எல்லையில் போய் இடித்து, அங்குள்ள பிணைப்புகளை உடைக்கும். நாள்பட நாள்பட அந்தச் சேதம் சேர்ந்து, டிரான்சிஸ்டர் திறக்கும் அழுத்தம் நகர்ந்து, மின்னோட்டம் குறைந்து, ஒருநாள் மின்சுற்று நேரம் தவறும். ‘சூடான எலக்ட்ரான்’ சிக்கல் என்று இதற்குப் பெயர். சூடு என்பது சில்லின் வெப்பத்தைக் குறிப்பதன்று, அந்த எலக்ட்ரானின் ஆற்றலைக் குறிப்பது. மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் தவறாமல் சறுக்கும் இடம் இது.

இதில் நடைமுறைச் சங்கடம் என்னவென்றால், ஒரு சில்லு பத்தாண்டுகள் தாங்குமா என்று தெரிந்துகொள்ளப் பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது. அழுத்தத்தைக் கூட்டிச் சில மணி நேரத்தில் கெடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சில மணி நேரத்தை இயல்பான பயன்பாட்டின் ஆண்டுகளாக மாற்றிச் சொல்லும் கணக்கு வேண்டும். ஹுவும் அவருடைய மாணவர்களும் 1985-இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்கைத்தான் தந்தது. அதன் அழகு இங்கே இருக்கிறது: ஆக்சைடு எல்லையைச் சேதப்படுத்த ஓர் எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 3.7 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், அவ்வளவு ஆற்றல் பெறும் எலக்ட்ரான்கள் மிக அரிது, நேரடியாக எண்ண முடியாது. ஆனால் சிலிக்கான் அணுவோடு மோதி ஒரு புதிய எலக்ட்ரான்–துளை இணையை (துளை என்பது எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) உண்டாக்க ஏறத்தாழ 1.3 எலக்ட்ரான்வோல்ட் போதும். அப்படி உண்டாகும் துளைகள் சிலிக்கானின் அடிப்பகுதி வழியாக வெளியேறுகின்றன. அதை ஒரு சாதாரண மின்னோட்டமானியால் அளந்துவிடலாம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரணம் ஒரே மின்புலம். ஆகவே எளிதாக அளக்கக்கூடியதை அளந்து, அளக்க முடியாததை ஊகித்துவிடலாம். 3.7-ஐ 1.3-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 2.9. டிரெய்ன் மின்னோட்டம் மாறாமலிருக்க, அடிப்பகுதி மின்னோட்டம் இரட்டித்தால் ஆயுள் இரண்டின் 2.9 அடுக்காக, அதாவது ஏழரை மடங்கு குறையும். மடக்கை அளவுத் தாளில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து அமரும். அந்தக் கோட்டை நீட்டினால் பத்தாண்டு ஆயுளுக்கு எவ்வளவு அழுத்தம் பாதுகாப்பானது என்று படித்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையை வகுப்பில் நடத்தும்போது நான் வேண்டுமென்றே ஒரு முழு நாளை ஒதுக்குவேன். இயற்பியலாளர் ஒருவர் எலக்ட்ரானின் ஆற்றல் பரவலை முழுமையாகக் கணக்கிடும்வரை ஓயமாட்டார். தொழிற்சாலைப் பொறியாளர் ஆயிரம் சில்லுகளைக் கெடுத்து ஒரு அட்டவணை தயாரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஹு நடுவில் நின்று, காரணத்தை எவ்வளவு புரிந்துகொண்டால் கணக்குக்குப் போதுமோ அவ்வளவு புரிந்துகொண்டார், மீதியை அளவீட்டிடம் விட்டார். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொன்றிலும் இந்த நிதானம் இருக்கிறது. கூடவே, பத்தாண்டுகள் டிரெய்ன் முனையைச் சுற்றியுள்ள மின்புலத்தின் வடிவத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அந்தப் புலம் சோர்ஸ்வரை எட்டிப் பார்க்கத் தொடங்கும் நாளில் என்ன நடக்கும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருப்பார் என்பதில் வியப்பில்லை.

இனி பிசிம். இதன் அருமை புரிய, ஒரு சில்லு வடிவமைப்பாளர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர் டிரான்சிஸ்டரைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கணினியில் மின்சுற்றை வரைந்து, ஸ்பைஸ் வகை மென்பொருளில் ஓட்டி, அலைவடிவங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கிறார். ஸ்பைஸும் பெர்க்லியில் பிறந்ததுதான். டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடப்பட்டது. அந்த மென்பொருளுக்கு ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சமன்பாடு, அவ்வளவே: இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் இவ்வளவு மின்னோட்டம். சமன்பாடு பொய் சொன்னால் சில்லும் பொய்த்துப்போகும், பல கோடி ரூபாய்ச் செலவில் வார்த்தெடுத்த பிறகு.

பிசிம் என்பது பெர்க்லியின் குறுந்தட டிரான்சிஸ்டர் மாதிரி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். முதல் பதிப்பு 1980-களின் நடுவில் வந்தது. ஹுவோடு பிங் கோ, பிங் ஷியூ, மின்-சி ஜெங் முதலியோர் அதில் உழைத்தார்கள். தொடக்கப் பதிப்புகள் வெறும் பொருத்துகைகளாகவே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது: அளவீட்டு வளைகோட்டோடு ஒத்துப்போகும்வரை எண்களைத் திருகிக்கொண்டே போவது. மூன்றாம் பதிப்பில்தான் இயற்பியல் முன்னுக்கு வந்தது. அதைவிட முக்கியமான ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரையிலான மாதிரிகள், டிரான்சிஸ்டர் மூடியிருக்கும் நிலைக்கு ஒரு சமன்பாடு, திறந்திருக்கும் நிலைக்கு ஒன்று, தெவிட்டிய நிலைக்கு ஒன்று என்று துண்டு துண்டாக எழுதி ஒட்டுப்போட்டவை. ஒட்டுப்போட்ட இடத்தில் மின்னோட்டம் தொடர்ந்தாலும் அதன் சரிவு திடீரென்று மாறும். ஸ்பைஸ் விடை தேடுவது அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டுதான்; சரிவு குதித்தால் கணக்கு இங்கும் அங்கும் தாவி, கடைசியில் விடை குவியவில்லை என்று கையை விரித்துவிடும். அந்தச் செய்தியோடு நள்ளிரவில் போராடிய எவருக்கும், 1990-களின் நடுவில் வந்த பிசிம்3-இன் மூன்றாம் திருத்தம் எல்லா நிலைகளையும் ஒரே தொடர்ச்சியான சமன்பாட்டில் வழுக்கிச் செல்ல வைத்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்கத் தேவையில்லை.

அந்த மாதிரியின் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ‘மாடல் கார்டு’ என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது அதைத்தான். துளை அட்டைக் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள்: ‘விடிஎச்0’ என்பது திறக்கும் அழுத்தம், ‘டாக்ஸ்’ என்பது ஆக்சைடின் தடிமன், ‘யு0’ என்பது எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது, ‘விசாட்’ என்பது அது எட்டக்கூடிய உச்ச வேகம். கொஞ்சம் கீழே ‘ஈட்டா0’ என்று ஒன்று இருக்கும். டிரெய்னின் அழுத்தம் கேட்டின் அதிகாரத்தில் எவ்வளவு தலையிடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. தடம் குறுகக் குறுக அதன் விளைவு பூதாகரமாகும். தலைமுறைக்குத் தலைமுறை இந்த எண்களை அளவீட்டிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்துக்கொண்டே வந்த குழுவுக்கு, எந்த நோய் முற்றிக்கொண்டு வருகிறது என்பது ஆரூடமாக அல்ல, அட்டவணையாகவே தெரிந்திருக்கும்.

தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் அதுவரை தத்தம் மாதிரிகளைப் பொத்திப் பாதுகாத்து வந்தன. ஒருவருடைய தொழிற்சாலைக்காக வடிவமைத்ததை இன்னொருவருடைய தொழிற்சாலைக்கு மாற்றுவது ஒரு மொழியில் எழுதியதை மறுபடி எழுதுவதற்குச் சமம். 1996-இல் நிறுவனங்கள் கூடி அமைத்த மாதிரிகள் மன்றம் பிசிம்3-ஐத் தொழில்துறையின் முதல் பொதுத் தரமாகத் தேர்ந்தெடுத்தது. பெர்க்லி அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் வடிவமைப்பை மட்டும் செய்து, உற்பத்தியைத் தைவானிலோ வேறெங்கோ ஒப்படைக்கும் வணிகமுறை அந்தப் பத்தாண்டில்தான் கிளைவிட்டது. அதற்கு வடிவமைப்பாளருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே இரு தரப்பும் நம்பும் ஒரு பொது மொழி வேண்டியிருந்தது; பிசிம் அந்த மொழியானது. நான் பின்ஃபெட்டைவிட இதை மேலே வைப்பதற்குக் காரணம் இதுவே. பின்ஃபெட்டை வேறொருவர் சில ஆண்டுகள் பிந்தியாவது கொண்டுவந்திருப்பார். போட்டி நிறுவனங்கள் எல்லாம் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு மாதிரியை, எந்த நிறுவனத்தையும் சாராத பல்கலைக்கழகம் ஒன்றால்தான் தர முடிந்திருக்கும்.

இப்போது கசிவுக்கு வருவோம். ஏரி மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மதகை இறக்கிவிட்டால் மடையில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். ஆனால் கரை மெலிந்துபோனால் மதகை எவ்வளவு இறுக்கினாலும் அதற்கு அடியில் மண்ணுக்குள் ஊறி அந்தப் பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். தட்டையான டிரான்சிஸ்டரில் கேட் என்பது சிலிக்கானின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் மதகு. சோர்ஸுக்கும் டிரெய்னுக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய, மேற்பரப்பைக் கேட் மூடினாலும், அதற்கு எட்டாத ஆழத்தில் டிரெய்னின் புலம் சோர்ஸை இழுத்து மின்னோட்டத்தைக் கடத்திவிடுகிறது.

எண்களில் சொன்னால் இதன் கொடுமை இன்னும் நன்றாகத் தெரியும். அறை வெப்பநிலையில், கேட் முழு அதிகாரத்தோடு இருந்தால், அதன் அழுத்தத்தை 60 மில்லிவோல்ட் குறைக்கும்போதெல்லாம் கசிவு பத்தில் ஒரு பங்காகும். இதைவிட வேகமாகக் குறைக்க இயல்பான டிரான்சிஸ்டர் எதனாலும் முடியாது. திறக்கும் அழுத்தம் 0.3 வோல்ட் என்றால் ஐந்து முறை பத்தால் வகுக்கலாம், கசிவு இலட்சத்தில் ஒரு பங்கு. கேட்டின் அதிகாரம் தளர்ந்து 60 என்பது 100 மில்லிவோல்ட் ஆகிவிட்டால் மூன்று முறைதான் வகுக்கலாம், கசிவு ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு மடங்கு வேறுபாடு. ஒரு டிரான்சிஸ்டருக்கு இது ஒன்றுமில்லை. நூறு கோடி டிரான்சிஸ்டர் கொண்ட சில்லு ஒன்று எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே மின்கலத்தைக் காலிசெய்துவிடும்.

1990-களில் பெரும்பாலோர் நம்பிய மருந்து ஆக்சைடை மெலிதாக்குவது: கேட்டைச் சிலிக்கானுக்கு இன்னும் அருகில் கொண்டுபோனால் அதன் பிடி இறுகும். ஒரு நானோமீட்டரை நெருங்கும்போது அந்த ஆக்சைடு சில அணுக்கள் தடிமனே இருக்கும், எலக்ட்ரான்கள் குவாண்டம் ஊடுருவலால் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அந்த வழிக்கு ஒரு சுவர் இருந்தது. ஹு வைத்த வாதம் வேறு. ஆக்சைடு எவ்வளவு மெலிதானாலும் ஆழத்திலுள்ள சிலிக்கான் கேட்டுக்குத் தொலைவில்தான் இருக்கும். கசிவது அந்தத் தொலைவான சிலிக்கான் வழியாக என்றால், அந்தச் சிலிக்கானை எடுத்துவிட்டால் என்ன? கேட்டிலிருந்து தொலைவாக எந்தச் சிலிக்கானும் இல்லாதபடி, தடத்தின் உடலையே தட நீளத்தைவிட மெலிதாக்கிவிட்டால், டிரெய்ன் ஒளிந்துவர இடமே இல்லை. கேட்டபின் இது குழந்தைக்கும் புரியும்படி இருக்கிறது. கேட்பதற்கு முன் அப்படி இல்லை.

1990-களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி அமைப்பான தர்பா, 25 நானோமீட்டர் அளவில் இயங்கும் டிரான்சிஸ்டருக்கு யோசனைகள் கேட்டது. அப்போதைய உற்பத்தி 250 நானோமீட்டரைத்தான் எட்டியிருந்தது என்பதை நினைவில் வைத்தால் அந்த இலக்கின் துணிச்சல் புரியும். ஹுவும் சக பேராசிரியர்களான ஜெஃப்ரி போகோர், சூ-ஜே கிங் ஆகியோரும் அனுப்பிய திட்டத்தில் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று, மின்காப்புப் படலத்தின்மேல் மிக மெல்லிய சிலிக்கான் தாளைப் படுக்க வைப்பது. மற்றொன்று, அந்தத் தாளை மீனின் துடுப்புபோல் செங்குத்தாக நிமிர்த்தி, கேட்டை அதன் இருபுறமும் கவ்வியபடி போர்த்துவது. படுக்கை வடிவத்துக்குச் சில நானோமீட்டர் தடிமனில் சீரான சிலிக்கான் தாள் வேண்டும், அது அன்று சந்தையில் இல்லை. நிமிர்ந்த வடிவத்தில் துடுப்பின் அகலத்தைச் செதுக்கியே பெற்றுவிடலாம். செதுக்குவது தொழில்துறைக்குக் கைவந்த கலை. துடுப்பு முந்திக்கொண்டதற்கு இந்தச் செய்முறைக் காரணமே போதும். படுக்கை வடிவமும் வீணாகவில்லை, சில நிறுவனங்கள் குறைந்த மின்செலவுச் சில்லுகளுக்கு அதைப் பிற்பாடு உற்பத்திக்குக் கொண்டுவந்தன.

‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்லைப் பாடநூல்கள் எழுதுவதுபோல் நான் தனியாக எழுதத் தயங்குவது இங்கேதான். இரண்டு கேட்டுகளுக்கு இடையில் சிலிக்கானை வைக்கும் கருத்தை ஜப்பானைச் சேர்ந்த செகிகாவா, ஹயாஷி ஆகியோர் 1984-இலேயே ஆராய்ந்திருந்தனர். ஹிட்டாச்சி நிறுவனத்தின் ஹிசாமோட்டோவும் கூட்டாளிகளும் 1989-இல் டெல்டா என்ற பெயரில் செங்குத்தான சிலிக்கான் சுவர் டிரான்சிஸ்டரைச் செய்தே காட்டிவிட்டார்கள். பெர்க்லி குழு செய்தது வேறு: உடலைத் தட நீளத்தைவிட மெலிதாக்குவதே சிறுத்தலுக்கான விதி என்பதை உரக்கச் சொன்னது, வழக்கமான கருவிகளோடு ஒத்துப்போகும் செய்முறையை வகுத்தது, இருபது நானோமீட்டருக்குக் கீழே அது உண்மையிலேயே இயங்கும் என்று காட்டியது. அந்த ஹிசாமோட்டோவே வருகை ஆய்வாளராகப் பெர்க்லிக்கு வந்து அந்தக் குழுவில் சேர்ந்தார். 2000-இல் வெளியான புகழ்பெற்ற பின்ஃபெட் கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர்தான். 17 நானோமீட்டர் கேட் நீளம் வரை செய்து அளந்த முடிவுகள் அதில் இருந்தன. ஒரு கருத்தின் முன்னோடியைப் போட்டியாளராகக் கருதாமல் அதே ஆய்வறைக்குள் சேர்த்துக்கொண்ட நிகழ்ச்சியாக இதை நான் பார்க்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவருக்கு இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல தலைமுறை முந்திய டிரான்சிஸ்டரைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்கு நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் தேவைப்படவில்லை, நன்றாக இயங்கும் ஒரு சிலவே போதும் என்பதுதான். தொழிற்சாலை ஒளியால் ஒரே அடியில் படம் பதிப்பதை அவர்கள் எலக்ட்ரான் கற்றையால் கோடு கோடாக வரைந்தார்கள். அது மிக மெதுவான வேலை, வணிகத்துக்கு உதவாது, கருத்தை நிறுவுவதற்குத் தாராளமாகப் போதும். எதைச் செய்தால் போதும், எதைத் தொழிற்சாலைக்கு விட்டுவிடலாம் என்ற கோடு எங்கே இருக்கிறது என்பதை ஹு துல்லியமாக அறிந்திருந்தார்.

2001 முதல் 2004 வரை அவர் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். 2002-இல் அந்நிறுவனம் 0.7 வோல்ட்டில் இயங்கும் 25 நானோமீட்டர் டிரான்சிஸ்டரைக் காட்டியது. துடுப்பைக் கேட் சுற்றிவளைத்த விதம் கிரேக்க எழுத்தான ஒமேகாவைப்போல் இருந்ததால் அதே பெயர். பிறகு அவர் பெர்க்லிக்குத் திரும்பிவிட்டார். உற்பத்தியில் முதலில் இறங்கியது இன்டெல். 2011 மே மாதம் 22 நானோமீட்டர் தலைமுறையில் துடுப்பு வடிவத்துக்கு மாறுவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு ஐவி பிரிட்ஜ் செயலிகள் கடைக்கு வந்தன. அவற்றின் குறுக்குவெட்டைப் பற்றி வெளியான அளவுகள்: துடுப்பின் அகலம் ஏறத்தாழ 8 நானோமீட்டர், உயரம் 34, ஒரு துடுப்பின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 60. சிலிக்கான் படிகத்தின் அடிப்படைக் கட்டம் அரை நானோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், அந்த 8 நானோமீட்டருக்குள் ஏறக்குறைய பதினைந்து கட்டங்களே அடங்கும். அத்தனை மெல்லிய சுவர்கள் கோடிக்கணக்கில், ஒன்றும் சாயாமல் நிற்கின்றன. 2015-இல் சாம்சங்கும் டிஎஸ்எம்சியும் இதே வடிவத்துக்கு வந்தன. அந்த ஆண்டின் ஐபோனில் இருந்த ஏ9 சில்லை இரண்டு நிறுவனங்களுமே செய்துகொடுத்தன.

கட்டுரைக்கும் கடைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இந்த இடைவெளியில் வடிவத்தைவிடப் பெரிய தடையாக இருந்தது சமன்பாடு என்பதை நான் மறுபடியும் வலியுறுத்துவேன். தட்டையான டிரான்சிஸ்டருக்கு எழுதிய பிசிம் துடுப்புக்குப் பொருந்தாது. தட்டையானதில் வடிவமைப்பாளர் அகலத்தை விருப்பம்போல் நீட்டலாம். துடுப்பில் உயரம் தொழிற்சாலை நிர்ணயிப்பது, வடிவமைப்பாளரால் ஒன்று, இரண்டு, மூன்று என்று துடுப்புகளை எண்ணிக்கையில்தான் கூட்ட முடியும். பெர்க்லி குழு இதற்கென்றே எழுதிய பிசிம்-சிஎம்ஜி மாதிரி 2012-இல் பின்ஃபெட்டுக்கான முதல் தொழில்துறைத் தரமாக ஏற்கப்பட்டது. முதன்முதல் பின்ஃபெட் செயலி விற்பனைக்கு வந்த அதே ஆண்டில், அதை எந்த நிறுவனமும் வடிவமைத்துப் பார்க்கத் தேவையான சமன்பாடும் இலவசமாகக் கிடைத்தது. அந்தக் குழுவில் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த யோகேஷ் சிங் சௌஹான் பிறகு கான்பூர் ஐஐடிக்கு வந்து மாதிரியியல் ஆய்வைத் தொடர்கிறார். நம் நாட்டிலேயே இத்துறையில் முனைவர் பட்டம் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

விருதுகள் பின்னாலேயே வந்தன. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2016-இல் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமாவிடம் பெற்றார். 2020-இல் மின், மின்னணுப் பொறியாளர் கழகமான ஐஇஇஇ தன் மிக உயரிய கௌரவப் பதக்கத்தை அளித்தது. அந்தப் பதக்கத்தின் பாராட்டுரை குறைகடத்தி மாதிரிகளை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்ததை முதலில் சொல்லிவிட்டு, அதற்குள் ஒன்றாகத்தான் முப்பரிமாணக் கட்டமைப்புகளைக் குறிப்பிடுகிறது. என் கட்சிக்கு ஆதரவாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் அத்தோடு நிற்கவும் இல்லை. சிலிக்கானுக்குப் பதில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற ஏடு ஏடான பொருளையும், கேட்டாக ஒற்றைக் கார்பன் நானோகுழாயையும் வைத்து, ஒரு நானோமீட்டர் கேட் நீளமுள்ள டிரான்சிஸ்டரை 2016-இல் பெர்க்லியில் செய்தார்கள். அலி ஜாவே வழிநடத்திய அந்த ஆய்வில் ஹுவும் ஓர் ஆசிரியர். 60 மில்லிவோல்ட் எல்லையையே கடக்க முடியுமா என்று எதிர்மறை மின்தேக்கம் பற்றி அதே துறையில் சயீஃப் சலாஹுதீன் நடத்திவரும் ஆய்வுகளிலும் அவர் பங்கெடுத்திருக்கிறார். இவை இன்னும் ஆய்வறைக்குள் இருப்பவை; வெற்றி என்று இப்போதே கொட்டு முழக்க வேண்டியதில்லை.

துடுப்பின் காலமும் இப்போது மாறிவருகிறது. சாம்சங் 2022-லும் டிஎஸ்எம்சி அதன் பிறகு 2 நானோமீட்டர் தலைமுறையிலும் துடுப்பைக் கைவிட்டு, சிலிக்கான் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் கேட்டால் சூழ்ந்துவிட்டன. செங்குத்தாக நிமிர்த்தியதை மறுபடி படுக்க வைத்துவிட்டார்கள் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அப்போது பிசிம்-சிஎம்ஜியின் கோப்பைத் திறந்து ‘ஜியோமாட்’ என்ற அளபுருவைக் காட்டுவேன். அதற்கு 0 கொடுத்தால் இருபக்கக் கேட், 1 கொடுத்தால் மூன்று பக்கம், 2 கொடுத்தால் நான்கு பக்கமும், 3 கொடுத்தால் உருளைக் கம்பியைச் சுற்றிய கேட். தொழிற்சாலைகள் நான்கு பக்கமும் சூழ்ந்த வடிவத்துக்கு வந்துசேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அந்த வரியில் அதற்கென ஓர் எண் எழுதப்பட்டிருந்தது.